இரண்டாவது டம்ளர்

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் மழையில் நனைந்து தொங்கிய ஒரு சாயங்காலம், காஜா பேராங் பகுதியில் பாக்கியலட்சுமியின் வாடகை வீட்டுக்கு தேவதாஸ் வந்தார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனவர்களில் உயிரோடு திரும்பியவர் அவர். அவள் புருஷன் மருதமுத்து திரும்பவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. இத்தனை வருஷமும் தாலியோடு, சயாமிலிருந்து வந்த ஒருத்தரையும் விடாமல் விசாரித்துவிட்டாள். இன்றைக்காவது ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும்.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது அவள் வழக்கம். இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு போதும் தங்கச்சி."

"கூட வந்தவருக்கு அண்ணே. ஏன் மழையில நிக்கிறாரு? உள்ள வரச் சொல்லுங்க."

"நான் தனியாத்தான் வந்தேன்."

எட்டிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. கால்மிதிச் சாக்கில் மட்டும் சேறு அப்பியிருந்தது.

தேவதாஸ் சொல்லத் தொடங்கினார். மூங்கில் கொட்டகை, முழங்கால் சேறு, எலும்பு தெரியும் புண், அதன்மேலேயே அடி. மாட்டைக்கூட இப்படி அடிக்க மாட்டார்களே, பாவிகள்! உட்கார முடியாமல் எழுந்தாள், நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"வேணாம்னா நிறுத்திடுறேன்."

"சொல்லுங்க. அவரு பட்டாரு. நான் கேக்கக்கூடவா மாட்டேன்?"

"வாந்திபேதி வந்துச்சு. செத்தவங்க, சாகக் கிடந்தவங்க எல்லாரையும் ஒரே குழியில போடச் சொன்னான் ஜப்பான்காரன். மருதமுத்துவுக்கு உசுரு இருந்துச்சு. தண்ணி, தண்ணின்னு கேட்டான். கொண்டுபோனேன். துப்பாக்கிக் கட்டையால தட்டி விட்டுட்டான். அப்படியே மண்ணைத் தள்ளுனாங்க."

அவள் வாய்விட்டு அழுதாள். ஒரு வாய்த் தண்ணீருக்கா தவிக்க விட்டார்கள்? அழுது ஓய்ந்ததும், தாலிக்கயிற்றைக் கழற்றக் கை உயர்ந்தது.

வீட்டுக்குள் ஈரமண் வாடை.

மடக், மடக் என்று ஒரு சத்தம்.

தேவதாஸின் டம்ளர் தொடாமல் நிரம்பியிருந்தது.

இரண்டாவது டம்ளர் காலி. விளிம்பில் சேற்று விரல் தடங்கள்.

"இன்னும்..." என்றது காதோரம் ஒரு குரல்.

தேவதாஸ் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

அவள் கை தாலியை விட்டு இறங்கியது. குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். காலி. மறுபடி ஊற்றினாள். மறுபடி காலி.

"மெதுவாக் குடிங்க. புரையேறப் போவுது."

குடம் தீர்ந்துபோனது. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக் கிணற்றுக்குப் போய் வாளியை இறக்கினாள்.

வாளி தண்ணீரைத் தொடவில்லை. கயிறு முழுதும் இறங்கிய பிறகும், கிணற்றின் அடியிலிருந்து உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.