பகல் கண்

மூன்று வாரம் பூட்டிக் கிடந்த பட்டறையை அவள் திறந்தபோது காலை பத்தரை மணி. ஜன்னல் வெயில் மேசை வரை வந்திருந்தது. மெழுகு வாசனை அப்படியே இருந்தது. அழுகை வரவில்லை. மூன்று வாரமாகவே வரவில்லை. துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள்.

கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்வது அவள் தொழில். வெள்ளை வில்லையில் கருவிழியை இழை இழையாக எழுதி, நடுவில் கண்பாப்பாவைக் கறுப்பாக வைத்து, மேலே கண்ணாடி போன்ற பூச்சை ஏற்றி இறுக்கிவிடுவாள். இறுகிய பிறகு அந்தப் பாப்பாவைச் சுரண்டக்கூட முடியாது.

அவள் கைக்கு வந்த முதல் ஆள்தான் பிறகு அவள் கணவர் ஆனார். வலது கண் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் கண்ணாடி முன் நின்று குறைப்பட்டுக்கொண்டார். "ராத்திரியில ஊருக்கெல்லாம் பாப்பா பெருசாகுது. என் வலதுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?"

அதனால் இரண்டு செய்து கொடுத்தாள். மூன்று மில்லிமீட்டர் பாப்பா வைத்தது பகல் கண். ஏழு வைத்தது ராத்திரிக் கண். விளக்கு வைத்ததும் மனிதர் கண்ணை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார்.

மூன்று வாரம் முன்பு, அவர் விழுந்த விடியற்காலையிலும் ராத்திரிக் கண்தான் போட்டிருந்தார். மாடிப்படியில் சறுக்கி, தலை மோதி, நல்ல கண் இருந்த இடது பக்கம் முழுக்கக் கட்டு. வார்டுக்கு வந்த இளம் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான், நெஞ்சில் குழாயை வைத்தான். பிறகு வலது இமையைத் தூக்கி டார்ச் அடித்தான்.

"பாப்பா விரிஞ்சிருக்கு. வெளிச்சத்துக்கு அசையவே இல்ல. போயிட்டாரும்மா."

அது நான் எழுதிய பாப்பா, அது எப்படி அசையும் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். கட்டைப் பிரித்து இடது கண்ணைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஒரு நொடியில் அவளுக்குள் எட்டிப் பார்த்தது வேறொன்று: டாக்டருக்கே தெரியவில்லையே என்ற பெருமை. அது வடிவதற்குள் முகத்தில் துணி ஏறிவிட்டது. அந்தக் கண்ணோடுதான் புதைத்தார்கள்.

அப்போது உயிர் இருந்ததா? அந்த ஒரே கேள்வியோடுதான் அவள் தினமும் எழுந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள்.

பதினொரு மணிக்கு லாரி டிரைவர் வந்தார். பழைய வாடிக்கை. கண்ணை மெருகேற்றக் கொடுத்துவிட்டு, வெற்றுக் குழியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்.

"கேள்விப்பட்டேன் தங்கச்சி. என்னத்தச் சொல்றது."

"உக்காருங்கண்ணே."

"இந்தப் பெட்டியில இருக்கே, அவரோடதா? என்னையே முறைக்குது. கடன் வாங்கினவனப் பாக்கற மாதிரி."

"அவரோடதுதான். பகல் கண்ணு."

"இதுவா பகல் கண்ணு? பாப்பா இம்மாம் பெருசா இருக்கே. ஒத்தக் கண்ணன்னு ஏமாத்தாதம்மா."

டிரைவரின் கண்ணை மெருகேற்றிக் கழுவிக் கொடுத்தாள். அவர் போன பிறகு பெட்டியிலிருந்த கண்ணின் பாப்பாமேல் அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

ஏழு.

ராத்திரிக் கண்ணைத்தான் தவறிப்போய் எடுத்து வைத்துவிட்டோமோ என்று திருப்பினாள். பின்புறம் அவள் கீறிய சின்னச் சூரியன். பகல் கண்ணின் அடையாளம். ராத்திரிக் கண்ணில் பிறை இருக்கும்.

பாப்பா என்பது ஒரு பொருளே இல்லை, அது வெறும் துவாரம், உள்ளே இருக்கிற இருட்டுதான் கறுப்பாகத் தெரிகிறது என்று வருகிறவர்களிடம் அவளே சொல்வாள். இருட்டில் அகலும். வெளிச்சத்தில் ஒடுங்கும். ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டாலும் இரண்டும் சேர்ந்தே ஒடுங்கும்.

சேர்ந்தேதான் அகலும்.

ராத்திரிக் கண் மண்ணுக்குள், இருட்டில் இருக்கிறது.

அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பட்டறைக்குள் ஈர மண் வாசனை அடித்தது. நிறம் பார்க்க வைத்திருந்த டார்ச்சை எடுத்தாள். கை யாருடையதோ போல இருந்தது.

வெளிச்சம் அடித்தாள்.

பாப்பா சுருங்கியது.

டார்ச்சை விலக்கினாள். மெல்ல விரிந்தது, மூச்சு விடுவதுபோல.

மறுபடி அடித்தாள். மறுபடி சுருங்கியது.

"என்னங்க," என்றாள், காற்றுக்கும் கேட்காத குரலில்.

இந்த முறை டார்ச்சை விலக்காமல் குனிந்தாள். யார் கண்ணுக்குள் பார்த்தாலும் பார்க்கிறவரின் உருவம் பொம்மைபோல் சின்னதாகத் தெரியும். அதனால்தான் அதற்குப் பாப்பா என்று பேர் என்பார் அவர்.

அதில் தெரிந்தது பட்டறை இல்லை.

வெள்ளைக் கோட்டுடன் ஓர் இளைஞன் டார்ச்சைப் பிடித்தபடி குனிந்திருந்தான். அவனுக்குப் பின்னால், சுவரோரம், ஒரு பெண் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணின் உதட்டோரத்தில் லேசான சிரிப்பு இருந்தது.