நெட்டைக் கடலையும் நேரத்துக்கு வராத மெஷினும்

காலை ஏழு மணிக்கு வரவேண்டிய அறுவடை மெஷின் பதினொன்றரைக்கு ஆடி அசைந்து வந்தது. அதற்குள் மேற்கே மேகம் கறுத்துவிட்டது. அவளுக்குப் பொறுமை எப்போதோ போய்விட்டது.

விதை ஆராய்ச்சி நிலையத்தில் அவள் களப்பணியாளர். கொண்டைக்கடலைச் செடியைக் குனிந்து பிடுங்கினால் இடுப்பு ஒடியும். செடியின் புளிப்பு பட்டு விரல் வெடிப்பெல்லாம் எரியும். அம்மாவின் கைகளைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். மெஷினால் அறுக்கிற மாதிரி நெட்டையாக வளரும் புது ரகத்தை, இந்த மானாவாரி மேட்டில் இரண்டு வருஷமாகப் பயிரிட்டுச் சோதித்துவந்தாள். இன்றைய அறுப்பில் தேறிவிட்டால் விவசாயிகளுக்கு விதை கொடுத்துவிடலாம்.

டிரைவர் சாவகாசமாக இறங்கினான். கத்தியை ஒரு சாணுக்குக் கீழே இறக்கமாட்டேன், கல் பட்டால் பல் உடையும் என்றான். கீழ்க்காய் எல்லாம் வீணாகுமே என்று அவள் மல்லுக்கு நின்றாள். அவன் மசியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அவளே கல் பொறுக்கத் தொடங்கினாள். பத்து நிமிஷம் பார்த்தான்... பெருமூச்சு விட்டுக்கொண்டு அவனும் குனிந்தான்.

ஒரே கல்லுக்கு இரண்டு கைகள் நீண்டன. நிமிர்ந்தாள். தூசி படிந்த இமைகளுக்குள் இத்தனை அமைதியான கண்களா... காலையிலிருந்து இருந்த தன் எரிச்சலைத் தேடினாள். காணோம்.

கல் பொறுக்கிய பிறகு கத்தியைக் கொஞ்சம் இறக்கி, கடைசி வரிசையை அறுத்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஒற்றை இருக்கை கேபினில் அவளை உட்காரவைத்துவிட்டு, அவன் படியில் நின்று நனைந்தான். பைத்தியக்காரன் என்று நினைத்தாள்... சிரிப்பும் வந்தது.

மறுநாளே சிரிப்பு போயிற்று. நிலையத் தலைவர் விசாரித்தபோது, கத்தியை இறக்கியும் நிறையக் காய் தரையிலேயே தங்குகிறது, விதை கொடுக்க அவசரப்பட வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். விதை கொடுப்பது நின்றுபோனது. தினமும் அவன் போன் செய்தான். பதினெட்டு நாள் அவள் எடுக்கவில்லை.

தரையில் தங்கிய காய்களை அறுப்பு நாளன்றே மழை விட்டதும் பையில் சேர்த்து வைத்திருந்தாள். எடைபோடத்தான் மனம் வரவில்லை. பத்தொன்பதாம் நாள் எடைபோட்டாள். நூற்றுக்குப் பதினொன்று வீண். அவன் சொன்னது சரி... அதுதான் இன்னும் எரிச்சல்.

நேராக அவனுடைய ஷெட்டுக்குப் போனாள்.

"நீங்க சொன்னது சரிதான்," என்றாள், சண்டைக்கு வந்தவள் போல.

மெஷினுக்கு அடியிலிருந்து கிரீஸ் கையோடு வெளியே வந்தான். "பொய் சொல்லியிருந்தா நீங்க என்கிட்ட பேசியிருப்பீங்க. ஆனா நம்பி விதைக்கிறவங்க நாளைக்கு உங்களத்தான் திட்டுவாங்க... அத என்னால கேட்டுட்டு இருக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"இத வாய்விட்டு வேற சொல்லணுமா?"

"சொல்லுங்க."

அவன் காது சிவந்தது. "உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு..."

அவள் கீழே பார்த்தாள்.

"அடுத்த அறுப்புக்கும் நீங்கதான் மெஷின் எடுத்துட்டு வரணும்."

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கே..."

"அதுவரைக்கும் மெஷின் இல்லாம வாங்க," என்றாள்.