சிலுப்பிக்கு ஒன்று, வெள்ளச்சிக்கு ஒன்று

திருப்புட்குழியில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்துவிட்டது. கீழத்தெருவில் நேற்று கொக்கரித்த கோழிகள் இன்று தலை தொங்கிக் கிடந்தன.

"நம்ம சிலுப்பிக்கும் நோவு வர்றதுக்குள்ள கொழம்பு வெச்சிடலாம்" என்றார் அப்பா தர்மன்.

வேணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. குஞ்சிலிருந்து அவள் மடியில் வளர்ந்த முட்டைக்கோழி அது!

"வாணாம்பா! வெள்ளிக்கிழமை மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஊசி போட வர்றாராம்பா."

"தெம்பா இருக்குற கோழிக்குத்தான் போடுவாரு. அதுக்குள்ள சோர்ந்து போச்சுன்னா?"

"நான் பாத்துக்கிறேம்பா."

சின்ன வெங்காயம், மஞ்சள், வேப்பங்கொழுந்து மூன்றையும் அம்மா செய்வதுபோல் அரைத்துக் கம்பு மாவில் மருந்து உருண்டைகளாக உருட்டினாள். சிலுப்பி ஒரே ஒரு கொத்து கொத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவ்வளவு கசப்பு!

வேணி விடுவாளா? கோழித் தீனிக்குக் கரையான் பிடிக்கச் சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்துக் கவிழ்த்திருந்த பானையைத் தூக்கினாள். உள்ளே கரையான் மொய்த்தது. உருண்டையை அதில் புரட்டிப் போட்டாள். இப்போது சிலுப்பி அவள் விரலையும் சேர்த்து விழுங்கப் பார்த்தது.

வேலிச் சந்தில் இன்னொரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் பெரியம்மாவின் கோழி வெள்ளச்சி! சிலுப்பி அவர் கீரைப்பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அந்த வேலிச் சந்தை அடைக்க அப்பா முள்கூட வெட்டி வைத்திருந்தார்.

வேணி அதற்கும் ஓர் உருண்டை போட்டாள்.

"அதுக்கு எதுக்கு?" என்றார் அப்பா.

"ரெண்டும் ஒண்ணாத்தானே மேயுது? அதுக்கு வந்தா இதுக்கும் வரும்பா. பாவம், அதுவும் ஆசையா பாக்குது."

மறுநாள் பெரியம்மா பார்த்துவிட்டார். "என் கோழிக்கு என்னாத்தடி போட்டுக்கினு இருக்கே? கொல்லப் பாக்குறியா?"

வேணிக்கு அழுகை முட்டியது. கரையான் ஒட்டாத உருண்டை ஒன்றை எடுத்துத் தன் வாயிலேயே போட்டு மென்றாள். முகம் அஷ்டகோணலானது.

பெரியம்மா பதறிப்போனார். "துப்புடி, துப்பு!" என்று சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தும் விட்டார்.

வெள்ளிக்கிழமை, ஆளுக்கொரு கோழியை இடுக்கிக்கொண்டு இருவரும் சேர்ந்தே கம்பவுண்டரிடம் போனார்கள். இறக்கையில் ஊசி போட்டபோது சிலுப்பியைவிட வேணிதான் அதிகம் கத்தினாள்.

இரண்டு கோழிகளையும் தொடாமல் நோவு தெருவைக் கடந்து போனது. ஒருநாள் காலை பெரியம்மா வேலியோரம் வந்து நின்றார். கையில் வெதுவெதுப்பாக ஒரு முட்டை.

"இந்தாடி வேணி. உங்க சிலுப்பி என் கீரைப்பாத்தியிலேயே முட்டை போட்டிருக்குது!"

 அப்பா வேலிச் சந்தை அடைக்க வைத்திருந்த முள்ளை அள்ளிக்கொண்டுபோய் அடுப்பில் வைத்தார்.