தொண்ணூற்றைந்து சதவீதத் துப்பாக்கி

வெள்ளிக்கிழமை, காலை 8.05.

திருட்டுப் போன ரைஃபிள் கிடைக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அர்லீன் டிரக்ஸெல் வீட்டு வாசலில் நின்ற பழைய பிக்கப் வண்டியில், இருக்கைக்குப் பின்னால், ஒரு வேலை ஜாக்கெட்டில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வண்டியும் ஜாக்கெட்டும் ராட்னியுடையவை. ராட்னி, அர்லீனின் காலமான கணவர் எல்மரின் அக்கா மகன். தண்டனை முடியும் முன்பே சிறையிலிருந்து பரோலில் விடப்பட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. அவன் துப்பாக்கியைத் தொட்டாலே போதும், மிச்சமுள்ள ஆறு வருடத்துக்கும் மறுபடி உள்ளே போக வேண்டியதுதான்.

"நான் தொடவே இல்ல சார்," என்றான் ராட்னி. கையில் விலங்கு ஏறியிருந்தது.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க," என்றார் துப்பறியும் சார்ஜென்ட் வெண்டல் க்ரூபர். அவருக்கு வயது அறுபத்தொன்று. இரண்டு முழங்காலிலும் வலி. மான் வேட்டை தொடங்க மூன்று நாள்தான் இருந்தது. பென்சில்வேனியாவில் அந்த வாரம் போலீஸ்காரனுக்குத் தூக்கம் கிடையாது.

அர்லீன் சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அவன்தான் எடுத்திருப்பான் வெண்டல். நேத்து சாயந்திரம் நான் சர்ச் விருந்துக்குப் போயிருந்தேன். துப்பாக்கி பீரோ சாவி சர்க்கரை டப்பாவுல இருக்கறது அவனுக்குத்தான் தெரியும்."

"வேற யாருக்கும் தெரியாதா?"

"செவ்வாய்க்கிழமை துப்பாக்கிக் கடைக்கார மெர்ல் ஷாங்க் அதுக்கு விலை போட வந்தாரு. அவர் முன்னாடிதான் சாவிய எடுத்தேன். அவர எல்லாம் சந்தேகப்படுவியா?"

"கேக்கணும்ல. என்ன விலை போட்டாரு?"

அர்லீன் ஒரு சீட்டை நீட்டினார். மெர்ல் ஷாங்கின் குண்டு குண்டான கையெழுத்து. தொண்ணூற்றைந்து சதவீதம், அசல் பூச்சு, பதினோராயிரம் டாலர். கீழே துப்பாக்கியின் எண்.

"எல்மரும் தொண்ணூத்தஞ்சுன்னுதான் சொல்வாரு. அவரோட துப்பாக்கி விலைப் புத்தகத்துல பென்சில்ல எழுதியே வெச்சிருந்தாரு. அதையும் மெர்ல்கிட்ட காட்டினேன்."

வெண்டல் ரைஃபிளைத் திருப்பிப் பார்த்தார். முகம் பார்க்கலாம் போல் மின்னியது. எண்ணைப் படிக்கத்தான் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. எழுத்துகள் மழுங்கியிருந்தன. ஆனாலும் சீட்டில் இருந்த அதே எண்தான்.

"இதானே அது?"

"அப்படித்தான் இருக்கு. எல்மர் போனப்புறம் நான் அதத் தொட்டதே இல்ல. எப்படி மின்னுது பாரு," என்று சொல்லி அர்லீன் அழத் தொடங்கினார்.

காலை 11.30. ஷெரிஃப் அலுவலகம்.

ராட்னியைத் திங்கட்கிழமை பரோல் குழு முன் நிறுத்த வேண்டும். ஷெரிஃப் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார்.

"இன்னும் என்னய்யா? பொருள் கெடச்சாச்சு, ஆள் கெடச்சாச்சு. கையெழுத்தப் போட்டு அனுப்பு."

வெண்டலுக்கும் அதுதான் ஆசை. படிவத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கி: பொருளின் மதிப்பு. மெர்லின் சீட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் நீதிமன்றத்துக்கு விலைப் புத்தகத்தின் பக்க எண்ணும் வேண்டும். அலுப்போடு, அட்டை கிழிந்த அலுவலகப் பிரதியை அலமாரியிலிருந்து இழுத்தார்.

புத்தகத்தின் நடுவே, அசல் பூச்சில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும் வண்ணப் படங்கள். தொண்ணூற்றெட்டு சதவீதம் என்றால் இப்படி, எண்பது என்றால் இப்படி, அறுபது என்றால் இப்படி. தொண்ணூற்றைந்து சதவீதப் படத்தருகே ரைஃபிளை வைத்தார். படத்தில் இருந்த துப்பாக்கி மங்கலாக இருந்தது. ஆனால் விளிம்புகள் கத்திபோல் கூர்மை, எழுத்துகள் நேற்று அடித்த மாதிரி. மேசையில் இருந்தது பளபளத்தது. விளிம்புகளோ கரைந்த சோப்பு மாதிரி வழுவழுப்பாக இருந்தன. திருகாணிக் குழிகளின் ஓரம் பள்ளமாகியிருந்தது.

அவர் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். அவருக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. இனி வெளியே போயாக வேண்டுமே என்ற எரிச்சல்தான் வந்தது.

பிற்பகல் 2.10. மெர்ல் ஷாங்கின் கடை.

காபி மெஷின் பக்கத்தில் ஆரஞ்சு வேட்டைத் தொப்பி போட்ட மூன்று கிழவர்கள் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார்கள். மெர்ல் நாற்பது வருடமாகத் துப்பாக்கிக்கு விலை போடுகிறவர். அவர் சொன்னால் அந்த மாவட்டத்தில் மறுபேச்சு இல்லை.

வெண்டல் ரைஃபிளை மேசைமேல் வைத்தார்.

"மெர்ல், இதுக்கு எத்தனை சதவீதம்?"

"அதான் சீட்டுல எழுதிட்டேனே."

"வாயால சொல்லுங்க. பெரியவங்களும் கேக்கட்டும்."

"என்னய்யா வெளாட்டு இது?"

கிழவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "இங்க கொண்டா, நானும் பாக்கறேன்."

மெர்ல் அவரைப் பார்த்தார். ரைஃபிளைப் பார்த்தார்.

"சொல்லுங்க. தொண்ணூத்தஞ்சா?"

"இல்ல," என்றார் மெர்ல். "மறுபூச்சு. தேச்சு, திரும்பப் பூசினது."

"புத்தக விலை?"

"மூவாயிரத்து ஐநூறு."

வெண்டல் ரைஃபிளின் பக்கத்தில் சீட்டை வைத்தார். "அப்ப இது என்ன? எண் இந்தத் துப்பாக்கியோடது. தரம் வேற துப்பாக்கியோடது. ரெண்டும் ஒரே சீட்டுல, உங்க கையெழுத்துல."

யாரும் காபியைத் தொடவில்லை.

"செவ்வாய்க்கிழமை எல்மரோட ரைஃபிளப் பாத்தீங்க. அதே மாடல் உங்ககிட்ட ஒண்ணு இருக்கு, தேச்சுக் கெடுத்தது. சீட்டுல அதோட எண்ண எழுதினீங்க. அர்லீன் எண்ணயெல்லாம் பாக்கமாட்டாங்க. ஆனா தரத்த மாத்தி எழுத முடியல. எல்மர் எழுதின தொண்ணூத்தஞ்சு அவங்க கையிலயே இருந்துச்சு. நேத்து வீட்டுல ஆள் இல்லாதப்ப அசல எடுத்துட்டு, இத ராட்னி வண்டியில வெச்சீங்க. சும்மா திருடியிருந்தா நாங்க தேடுவோம், நீங்க விக்க முடியாது. பொருள் கெடச்சிட்டா எவன் தேடப் போறான்? பளபளன்னு இருந்தா நல்லதுன்னு போலீஸ்காரன் நெனச்சுக்குவான்னு கணக்குப் போட்டீங்க. நானும் காலைல அப்படித்தான் நெனச்சேன்."

"அவன் எப்படியும் ஒரு நாள் உள்ள போறவன்தானே வெண்டல்," என்றார் மெர்ல்.

வெண்டலுக்கு அன்று முதல் முறையாகக் கோபம் வந்தது. அறைய வேண்டும்போல் இருந்தது. "அசல் எங்க?" என்று மட்டும் கேட்டார். மெர்ல் பின்னறையைக் காட்டினார்.

பிற்பகல் 3.40.

ராட்னி வெளியே வந்தபோது பனி தூறிக்கொண்டிருந்தது. அர்லீன் தன் காரருகே நின்றிருந்தார். வெண்டல் இருவரிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"அத்தை, நான்தான் எடுத்தேன்னு நீயே சொன்னியா?"

அர்லீன் நைச்சியமாக ஏதாவது சொல்வார் என்று வெண்டல் எதிர்பார்த்தார்.

"ஆமா," என்றார் அர்லீன். "முதல்ல உன் வண்டியப் பாக்கச் சொன்னதும் நான்தான்."

ராட்னி விலங்கு போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டான். சாலைப் பக்கம் ஐந்தாறு அடி நடந்தான். அங்கேயே நின்று பனியைப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து கையை நீட்டினான்.

"கார் சாவியக் குடு. இந்தப் பனியில நீ ஓட்டி எங்கயாவது விழுந்து வெப்பே."