நெவேனாவின் விலா எலும்பு

"என் தங்கச்சிய அவ புருஷன் ஒருநாள் கொன்னுடுவான். அதுக்கு முன்னாடி நிரூபிச்சுக் குடுங்க சார்."

ஸ்த்ராவ்கா உட்காரக்கூட இல்லை. தங்கை நெவேனாவுக்குக் குளிர்காலத்தில் விலா எலும்பு முறிந்தது. இப்போது பாத எலும்பு. இரண்டு தடவையும் "தானா வலிச்சுது" என்றே சொன்னாளாம். எலும்பு பலவீனமோ என்று இரத்தம் சோதித்தார்கள். வைட்டமின் டி தாராளமாக இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. பிறகு மிச்சமிருப்பது புருஷன் பொய்கோதானே? அவனை வீட்டைவிட்டு விரட்டியாயிற்று. நாளை போலீசில் புகார்.

துப்பறிவாளர் ஸ்வெத்லின் அவள் நீட்டிய ஆய்வக அறிக்கையை நிதானமாகப் படித்தார். "தைராய்டு ரொம்ப வேகமா வேலை செய்யுதுன்னும் போட்டிருக்கே?"

"அது கெடக்கட்டும் சார்!"

உதவியாளர் தெனீட்சா அதற்குள் பொய்கோவைக் குற்றவாளியாக்கிவிட்டாள். அவன் வேலைசெய்யும் லாரிப் பட்டறைக்குப் போய் அவனுடைய பெரிய கைகளைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் இறுகியது.

"அடிச்சீங்களா?" என்றார் ஸ்வெத்லின்.

"இல்ல. ஆனா அவ எதையோ மறைக்கிறா. கொஞ்ச நாளா என் முன்னாடி தலைத்துணிய அவுக்கிறதே இல்ல."

'காயம்தான்' என்று நினைத்துக்கொண்டாள் தெனீட்சா.

நெவேனாவின் ஊரான அசெனோவ்கிராடில் அன்று வெயில் கொளுத்தியது. கட்டுப்போட்ட காலை நீட்டியபடி, கம்பளிச் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள் நெவேனா. உடம்பு ஊதியிருந்தது, பேச்சு இழுத்தது. பல வருஷமாகத் திராட்சை மதுக் கிடங்கின் வெயில் படாத நிலவறையில் வேலை. ஸ்வெத்லின் அவள் நாடியைப் பிடித்து எண்ணினார்; மிக மெதுவாக ஓடியது.

தெனீட்சாவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அந்தத் துணிய எடுங்க. எங்க அடிச்சான்?"

நெவேனா அழுதுகொண்டே அவிழ்த்தாள். காயமில்லை. அங்கங்கே முடி கொட்டி மண்டை தெரிந்தது.

"இதுக்கு என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றார் ஸ்வெத்லின் மெதுவாக.

தலையணைக்கடியிலிருந்து மாத்திரை டப்பா வந்தது. முடி வளர என்று விற்கும் பயோட்டின், அதுவும் மிக அதிக அளவில்.

அவர் ஸ்த்ராவ்காவிடம் திரும்பினார். "தைராய்டு வேகமா ஓடினா ஆள் மெலியணும், வேர்க்கணும், நாடி படபடக்கணும். இவங்களுக்கு எல்லாமே தலைகீழ். அந்த அறிக்கை ஒரு விஷயத்துல பொய் சொன்னா, இன்னொண்ண மட்டும் ஏன் நம்பணும்? சில ஆய்வகங்கள்ல பயோட்டினைப் பசை மாதிரி வெச்சுத்தான் அளக்கிறாங்க. இரத்தத்துலயே அது நெறைஞ்சு கிடந்தா கணக்கு குழம்பிடும். இல்லாத வைட்டமின் டி இருக்கிற மாதிரி தெரியும். தூங்குற தைராய்டு ஓடுற மாதிரி தெரியும்."

"அப்ப பொய்கோ?"

"மாத்திரைய நிறுத்திட்டு, வேற முறையில அளக்கிற இடத்துல பாருங்க. புகார் அதுவரைக்கும் காத்திருக்கட்டும்."

புதிய சோதனையில் வைட்டமின் டி ஏறக்குறைய இல்லை, தைராய்டு மந்தம்; முடி கொட்டியதும் அதனால்தான். இருமினாலே முறியக்கூடிய எலும்பு என்றார் டாக்டர்.

ஸ்த்ராவ்காவே பட்டறைக்குப் போய்ப் பொய்கோவை அழைத்து வந்தாள். உள்ளே போனதும் அவன் மனைவியின் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"முடி போனா போகட்டும். எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"அசிங்கமா இருந்துச்சு."

"உங்கக்கா என்னை விரட்டினப்போவாவது சொல்லியிருக்கலாமே?"

நெவேனா தலைத்துணியை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள். வாசலில் நின்ற ஸ்த்ராவ்காவை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவனைப் பார்க்கும் முன்பே தீர்ப்பெழுதிய தெனீட்சாவும் அவளருகிலேயே நின்றுகொண்டாள்.