புதன் மாலைக்கு மேல் ஒன்றுமில்லை

கேட்ட பக்கம் பதினோரு நொடி கழித்து வந்தது. மாசிலாமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் தட்டினார். இந்த முறை பத்தொன்பது நொடி. மூன்றாவது பக்கம் வரவே இல்லை. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கோவில்பட்டியில் யாரும் ஒரு பக்கத்துக்காகக் காத்திருந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வீடு முன்கொணரி வந்ததோடு அந்தப் பழக்கம் போய்விட்டது. டிபன் பாக்ஸ் அளவில் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டி அது. வீட்டில் உள்ளவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள் என்று கணித்து, இணையக் கம்பி சும்மா கிடக்கும் நேரத்தில் அதையெல்லாம் இழுத்துவந்து அவரவர் கோப்பில் வைத்துவிடும். வெள்ளிக்கிழமை சிலிண்டர் பதிவு செய்யப் போகிறவருக்கு அந்தப் பக்கம் செவ்வாயே வந்து காத்திருக்கும். ஊரின் கம்பிகள் என்னவோ பழைய கம்பிகள்தான். கேள்விக்கு முன்பே பதில் வந்து கிடந்ததால் அது யாருக்கும் உறைக்கவில்லை.

மாசிலாமணி கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வரிசைப்படிதான் செய்வார். நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறம் ‘புதன், காலை 8.10, வேகக் குறைவு’ என்று எழுதிக்கொண்டார். மின்சாரத்தை நிறுத்தி, அறுபது எண்ணி, மறுபடி போட்டார். பலன் இல்லை என்று எழுதினார். கம்பியைப் பிடுங்கி, முனையை ஊதிச் சொருகினார். அதற்கும் அதையே எழுதினார். எலி கடித்திருக்கிறதா என்று மேசைக்கு அடியில் தவழ்ந்து பார்த்துவிட்டு, இடது தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“பூங்கோதை, நீ வந்து கை வச்சுப் பாரு. உனக்காவது வருதான்னு பார்ப்போம்.”

மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பெருவிரலை வைத்தாள். அவளுடைய கோப்பு திறந்தது. அதிலும் வட்டம் சுற்றியது.

“எனக்கும் சுத்திக்கிட்டுதான் கெடக்கு. ஜெபாவக் கூப்பிடுங்க. நீங்க ஊதிச் சரியாக்குததுக்கு இது என்ன விறகு அடுப்பா?”

ஜெபராணி வலைநிலையத்தின் கம்பிப் பணியாளர். அந்தப் பகுதியில் முந்நூறு வீடுகள் அவள் பொறுப்பு. ஒன்பதரைக்கு வந்தாள். தன் சோதிப்பலகையை முன்கொணரியில் மாட்டி, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கம்பி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. உங்க வீட்ல ஒரு கோப்பு காலியா இருக்கு. அதை நிரப்பணும்னு பெட்டி மொத்தக் கம்பியையும் பிடிச்சு வச்சுக்கிட்டுத் தேடுது. அதான் எடுத்து வச்ச பக்கம்கூட ரெண்டு பேருக்கும் வரல.”

“யாரு கோப்பு?”

வீட்டுத் திரையில் பெயர் எதுவும் தெரியாது. விரல் பட்டால் அவரவர் கோப்பு திறக்கும், அவ்வளவுதான். பெயர்கள் பணியாளரின் பலகையில் மட்டுமே இருக்கும். ஜெபராணி பலகையைத் தள்ளிப் படித்தாள்.

“பூங்கோதைன்னு இருக்கு.” பலகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “மதினி எங்க?”

“பின்னால துணி காயப்போடுதா. ஏன்?”

“மதினி வெளியூரு எங்கயாவது கிளம்புதாங்களா?”

“இல்லையே.”

“இன்னைக்குச் சாயங்காலம்? யாரு வீட்டுக்காவது?”

“எங்கயும் இல்லம்மா. என்னன்னு சொல்லு.”

ஜெபராணி குரலை இறக்கினாள். “கோப்புல இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பக்கம் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. நாளைக்கு இல்ல, மறுநா இல்ல. தேடித் தேடிப் பார்க்குது, கெடைக்கல. வெளியூரு போறவங்களுக்கு ரெண்டு நா, மூணு நா இப்படி விட்டுப்போகும். பிறகு தொடரும். இது தொடரல.”

“தொடரலைன்னா?”

“இதை வீட்டாளுங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட கையெழுத்தே வாங்கியிருக்காங்க அண்ணாச்சி. நான் ரெண்டு இடத்துல பார்த்துட்டேன். ஒண்ணு உங்க பின் தெரு டெய்லர்.”

டெய்லருக்குப் போன மாதம்தான் மாலை வாங்கிக்கொண்டு போனார் மாசிலாமணி.

“பெட்டிக்கு எப்படித் தெரியும்? அது என்ன டாக்டரா?”

“நாம தட்டுத தட்டு அதுக்குத் தெரியும். விரலு எங்க நடுங்குது, ஒரு எழுத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் எடுக்கோம், எல்லாத்தையும் சேர்த்து வச்சுத்தான் கணிக்குது. என்ன கணக்குன்னு எங்க ஆபீஸ்ல உள்ளவங்களுக்கே தெரியாது.”

“இன்னொரு கோப்பைத் திற.”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“மாசிலாமணின்னு ஒண்ணு இருக்குமில்ல? திறம்மா.”

அவள் திறந்தாள். அது நிறைந்திருந்தது. வியாழன் ஒரு நாள் மட்டும் விட்டுப்போயிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு நேராக வரிசையாக இருந்தன: இறப்பைப் பதிவு செய்ய. வாரிசுச் சான்றிதழ் பெற. மின் இணைப்பில் பெயர் மாற்ற. துணையை இழந்தவர்களுக்கான அரசு உதவி.

மாசிலாமணி நாற்காலியின் கையைப் பிடித்து உட்கார்ந்தார். நாளை மறுநாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து தன் கையாலேயே இந்த நாலையும் கேட்கப்போகிறோம் என்று நினைத்தார். பின்புறம் பூங்கோதை ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உதறலுக்கும் அவர் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். இரண்டு உதறலுக்கு நடுவில் கொஞ்சம் தாமதமானால் எழுந்து எட்டிப் பார்த்தார்.

பத்தரை மணிக்கு ஆட்டோ வந்தது.

“எனக்கு என்ன கேடு, ஆஸ்பத்திரிக்கு?” என்றாள் பூங்கோதை.

“மூச்சு வாங்குதுன்னு சொன்னியே.”

“அது போன வருஷம். தண்ணிக் குடத்தோட மாடி ஏறினேன். உங்களைத் தூக்கிட்டு ஏறச் சொன்னா உங்களுக்கும் வாங்கும்.”

“ஏறு தாயி. பேசாம ஏறு.”

அவர் அப்படிக் கெஞ்சி அவள் கேட்டதில்லை. ஏறிக்கொண்டாள்.

பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியில் மாசிலாமணி எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தலையை ஸ்கேன் செய்தார்கள். ஓடுபொறியில் ஒன்பது நிமிடம் நடக்கவிட்டார்கள். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு அறை வாசலிலும் அவர் நின்றார். கதவு மூடியிருந்த நேரத்தை எல்லாம் நாள்காட்டித் தாளில் குறித்தார், ஏன் என்று அவருக்கே தெரியாமல்.

மூன்றரைக்கு டாக்டர் கூப்பிட்டார். இளவயது டாக்டர்.

“அம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல சார். கூட்டிட்டுப் போங்க.”

“இன்னொரு தடவை பாருங்க.”

“எதைப் பார்க்கச் சொல்றீங்க?”

“எதையாவது பாருங்க டாக்டர். இல்ல, ராத்திரி வரைக்குமாவது இங்கேயே வச்சுக்குங்க.”

பூங்கோதை எழுந்து அவருடைய சட்டையைப் பிடித்து வெளியே வராந்தாவுக்கு இழுத்துவந்தாள். “என்ன மறைக்கீங்க? காலைலேருந்து என் முகத்தையே பார்க்கீங்க. ஜெபா போகும்போது என் கையைப் பிடிச்சுட்டு அழுதுட்டுப் போகுது. சொல்லுங்க.”

அவர் சொன்னார். காலி கோப்பைச் சொன்னார். டெய்லரைச் சொன்னார். வெள்ளிக்கிழமைப் பக்கங்கள் நாலையும் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு கேட்டாள்: “காலியா இருந்த கோப்புல பூங்கோதைன்னு போட்டிருந்துச்சா?”

“ஆமா.”

“அது நீங்க.”

“என்னது?”

“பெட்டி வாங்கும்போது பொம்பளை பேருல எழுதிக் கொடுத்தா சீக்கிரம் தருவாங்கன்னு என் பேருலதானே எழுதுனீங்க? மாட்ட வந்தவன் ‘யாராவது கை வைங்க’ன்னான். யாரு வச்சா? வீட்டுக்குள்ள எது வந்தாலும் நீங்கதானே முதல்ல தொடணும். பிரிட்ஜைத் தொட்டீங்க, கிரைண்டரைத் தொட்டீங்க, அதையும் தொட்டீங்க. என் பேருல உங்க கை பதிஞ்சுபோச்சு. பிறகு உங்க பேருல ஒண்ணு போட்டு, என்னை வைக்கச் சொன்னான். மாறிப்போச்சேன்னு நான் அன்னைக்கே சொன்னேன். ‘என்ன கெட்டுப்போச்சு, வீடு ஒண்ணுதானே’ன்னு சொன்னீங்க.”

மாசிலாமணிக்கு அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்தது. அவர் நின்ற இடம், பெட்டிக்கு வைத்த குங்குமம், எல்லாம். வராந்தாக் கடிகாரத்தில் மணி நாலு அடிக்கப் பத்து நிமிடம்.

வாரிசுச் சான்றிதழைக் கேட்கப்போகிறவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் மேசைக்கு அடியில் தவழ்ந்து எழுந்ததிலிருந்து அவருடைய இடது தோள் விடாமல் வலித்துக்கொண்டிருந்தது. பூங்கோதை அவர் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

“என்னை விட்ருங்க டாக்டர். இவரைப் பாருங்க. ஏறிப் படுங்க. சட்டையக் கழட்டுங்க. சீக்கிரம்.”

ஐந்து மணிக்குள் தெரிந்துவிட்டது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு. இன்றே ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

“இன்னைக்கே முழுசா அடைச்சிருக்குமா?” என்று பூங்கோதை கேட்டாள்.

“இன்னைக்கும் அடைக்கலாம்மா. பத்து வருஷம் பேசாமலும் கிடக்கலாம். அம்பத்தொன்பது வயசுல யாரை உள்ள விட்டுப் பார்த்தாலும் ஏதாவது ஒண்ணு தெரியத்தான் செய்யும். எப்படியோ வந்துட்டீங்க, நல்லதுதான்.”

ஆறு மணிக்கு மோதிரத்தையும் கைபேசியையும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு முன்னால் அவர் அவள் விரலை விடவில்லை. நர்ஸ்தான் பிரித்துவிட்டாள். புதன் மாலை அந்த வராந்தாவில் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. ஏழு இருபதுக்குக் கதவு திறந்தது. கண் மூடிக் கிடந்தார். மூச்சு இருந்தது.

மறுநாள் கஞ்சி குடித்தார். “அந்தப் பெட்டிய இனி என் ஆயுசுக்கும் தொடமாட்டேன்” என்றார். முதல் வாக்கியமே அதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் மாற்றுத்துணி எடுக்கப் பூங்கோதை வீட்டுக்கு வந்தாள். முதல் நாளே ஜெபராணி சாவி வாங்கி வந்து காலிக் கோப்பை மூடிவிட்டுப் போயிருந்தாள். கம்பி இப்போது சும்மா கிடந்தது. வேட்டியையும் துண்டையும் பைக்குள் வைத்தவள், பையோடு கணினி முன்னால் நின்றாள். என்னவெல்லாம் இருந்தது, எதையெல்லாம் தான் செய்ய வேண்டியிருந்திருக்கும் என்று ஒருமுறை தன் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தால்தான் அந்தப் பயம் போகும் என்று தோன்றியது. உட்கார்ந்து விரலை வைத்தாள்.

இறப்பைப் பதிவு செய்ய எத்தனை நாள் அவகாசம், யார் கையெழுத்து, எல்லாம் அந்தக் கணமே வந்தது. படித்தாள். வாரிசுச் சான்றிதழ் வந்தது. படித்தாள். மின் இணைப்புப் பெயர் மாற்றம். அடுத்தது அரசு உதவி. அதில் பாதி படிக்கும்போது அவள் கை நின்றது.

இன்று வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமைக்கென்று பெட்டி எடுத்துவைத்திருந்தது இந்த நாலைத்தான். அதே வரிசையில் அவள் படித்துக்கொண்டிருந்தாள். யாரும் சாகவில்லை. சாவார்கள் என்று பெட்டி எங்கேயும் சொல்லவும் இல்லை. புதன் மாலைக்கு மேல் அவர் எதுவும் கேட்கமாட்டார் என்றது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், இனி எப்போதும் கேட்கப்போவதும் இல்லை. வெள்ளிக்கிழமை இவள் இந்தப் பக்கங்களைக் கேட்பாள் என்றது. கேட்டுவிட்டாள். அடைப்பைப் பற்றி அதற்கு ஏதாவது தெரிந்திருந்ததா, அல்லது இவர்கள் பயந்து ஓடப்போவது மட்டும் தெரிந்திருந்ததா? இதயத்துக்கான டாக்டரின் பக்கம் ஒன்றைக்கூட அது எடுத்துவைக்கவில்லை. அதை யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் வைக்கவில்லை.

இதை இன்றைக்கே வீட்டைவிட்டு எடுத்துவிட வேண்டும். எடுக்க யாரிடம் எழுதிக் கொடுப்பது என்று தேட ‘மு’ என்ற முதல் எழுத்தைத் தட்டினாள்.

இரண்டாவது எழுத்துக்குக் கை போவதற்குள் பக்கம் திறந்துவிட்டது: ‘முன்கொணரியை வீட்டிலிருந்து அகற்ற விண்ணப்பம்.’

மூலையில், கொண்டுவந்த நாள் சின்ன எழுத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விண்ணப்பத்துக்குக் கீழே ஓர் அம்பு துடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பக்கம் தயாராக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அடுத்து என்ன கேட்பது என்று அவள் இன்னும் நினைக்கவே இல்லை.