உறைக்குள் ஒரு மூச்சு

கமேலியா பூச்செடியின் ஒட்டுக்கம்பின் மேல் கட்டியிருந்த பாலித்தீன் உறை உட்புறம் நீராவி படிந்து வெளுத்தது, தெளிந்தது, மறுபடியும் வெளுத்தது. உறைக்குள் ஈரம் கட்டுவது வழக்கம்தான். ஆனால் இப்படி மூச்சுபோல ஏறி இறங்காதே என்று நினைத்த ரத்னாபாய் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள்.

செடி மகள் ரெம்யா நட்டது. ஏப்ரலில் நிமோனியாவில் ரெம்யா போனாள். ஜூன் மழையில் செடிக்கும் வேர் அழுகி, மிஞ்சியது இலையோடு கூடிய ஒரே கம்பு. தேயிலை கமேலியாவுக்கு நெருங்கிய சொந்தம் என்பதால், கணவர் சுவாமிதாஸ் பொன்முடியிலிருந்து ஒரு தேயிலைச் செடி கொண்டுவந்து, தண்டைப் பிளந்து, கம்பைச் செருகிக் கட்டி, உறையால் மூடினார். மகள் விட்டுப்போனதில் உயிருள்ளது அது ஒன்றுதான்.

"துளிர் வாறது வரைக்கும் தொறக்கப்பிடாது, கேட்டியா. காத்துப் பட்டா வாடிரும். வேற கம்பு இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் விழிஞ்ஞத்துக்கு வேலைக்குப் போயிருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போய் வராந்தா இருண்டது. ஈரமண் வாசனைக்கு நடுவே எங்கிருந்தோ ஆஸ்பத்திரி வார்டின் மருந்து நெடி பரவ, மழைச் சத்தத்துக்கு அடியில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்த மூச்சிழுப்பு கேட்கத் தொடங்கியது. கடைசி நாளில் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்த ரெம்யாவின் கைகளை அமுக்கிப் பிடித்திருந்தவள் அவள்தான். எடுத்தால் பிழைக்கமாட்டாள் என்றார்கள். எடுக்கவில்லை. அப்படியும் போனாள். காய்ச்சலில் கொதித்த அந்தக் கைகளை நினைக்காமல் ரத்னாபாய்க்கு ஒரு நாளும் விடியவில்லை.

உறை வேகமாக வெளுத்தது. உள்ளே உறிஞ்சி, இலையோடு ஒட்டியது.

"அம்மா. இத எடும்மா. மூச்சு முட்டுது."

"எடுக்கப்பிடாது மக்ளே," என்றாள். அன்றும் இதையேதான் சொன்னாள். இன்னொரு முறையும் மாட்டேன் என்று எந்தத் தாய் சொல்வாள்?

கட்டை அவிழ்த்தாள். உறையை உருவினாள்.

உள்ளிருந்து நீண்ட பெருமூச்சு ஒன்று.

இலைகள் துவண்டு தொங்கின. பதறிப்போய் உறையை மறுபடி கவிழ்த்தாள். காத்திருந்தாள். வெளுக்கவில்லை. இழுப்பும் இல்லை. மழை மட்டும்.

மூக்குக்கண்ணாடி வெளுத்தது.

மூச்சை அடக்கினாள். கண்ணாடி தெளிந்தது. மறுபடியும் வெளுத்தது. வெளிப்பக்கத்தில்.

துடைக்கக் கையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. கொதிக்கும் இரண்டு கைகள் அவள் கைகளை அமுக்கிப் பிடித்திருந்தன.